இருநூறு பிரபுக்கள், எல்லாருக்கும் வெறுங்கால்: தெனோச்சித்லானில் என்னதான் மரியாதை?

கத்தரிவெயில் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பத்து நாளா, மெக்சிகோவைப் பிடிச்ச ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸ் தன் ராஜாவுக்கு எழுதின இரண்டாவது கடிதத்தையும், அவரோட போன சிப்பாய் பெர்னால் தியாஸ் எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சிட்டிருக்கேன். ஒரே இடத்துல மாட்டிக்கிட்டேன்.

1519 நவம்பர் 8. ஏரிக்கு நடுவுல இருந்த அஸ்டெக் தலைநகரம் தெனோச்சித்லான், இன்னைக்கு மெக்சிகோ சிட்டி இருக்கிற இடம். கரைச்சாலை வழியா ஸ்பானியர் உள்ளே வர்றாங்க. எதிர்ல சுமார் 200 பிரபுக்கள், தெருவோட ரெண்டு பக்கமும் சுவரை ஒட்டி வரிசையா நடந்து வர்றாங்க. உடம்புல கண்ணைப் பறிக்கிற துணி, கால்ல ஒண்ணுமில்லை. நடுவுல அவங்க அரசன் மொக்டெசுமா. அவர் கையைத் தாங்கிட்டு வர்ற ரெண்டு பேரும் கிட்டத்தட்ட அவர் மாதிரியே உடுத்தியிருக்காங்க, ஆனா செருப்பு அவருக்கு மட்டும்தான்னு கோர்த்தேஸ் எழுதறார். அந்தச் செருப்புக்கு அடிப்பாகம் தங்கம்னு தியாஸ் சொல்றார்.

இவ்வளவு பணக்காரங்க ஏன் வெறுங்கால்ல? இது ஒண்ணு. ரெண்டாவது, நெட்ல எந்தப் படத்தைப் பார்த்தாலும் அஸ்டெக்னா இடுப்பைச் சுத்தி இறகுப் பாவாடை. இந்த ரெண்டு பேர் எழுத்துலயும் அப்படி ஒண்ணு கண்ணுல படலையே?

---

பழஞ்சுவடி

இறகுப் பாவாடை கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அது மெக்சிகோவின் உடையே அல்ல. பிரேசில் கடற்கரைத் துப்பி மக்களைப் பற்றி வந்த செய்திகளை வைத்து ஐரோப்பிய ஓவியர்கள் ‘புது உலகத்து ஆள்’ என்று ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள். 1528இல் கோர்த்தேஸ் ஸ்பெயினுக்கு அழைத்துப்போன மெக்சிகோக்காரர்களைக் கிறிஸ்டோஃப் வைடிட்ஸ் என்ற ஜெர்மானியர் நேரிலேயே பார்த்து வரைந்தார். படுத்துக்கொண்டு காலால் மரக்கட்டையைச் சுழற்றுகிறவர்கள், இடுப்பால் ரப்பர் பந்து தட்டுகிறவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். அவர் படத்திலேயே இறகுப் பாவாடை எட்டிப் பார்க்கிறது என்றால் அந்த அச்சு எவ்வளவு பலமானது என்று பாருங்கள்.

உண்மையான உடை மிக எளிமையானது. ஆணுக்கு இடுப்பில் கோவணம்போல் சுற்றி முன்னால் முடிச்சிடும் மாஷ்ட்லாட்ல். மேலே ஒரு நீள்சதுரத் துணி. வலது தோளில் ஒரே முடிச்சு. அதுதான் தில்மாட்லி. பெண்ணுக்குச் சுற்றிக் கட்டும் பாவாடை, அதன்மேல் கையில்லாத தளர்ந்த மேலாடையான உய்ப்பில். அரசனுக்கும் கூலிக்காரனுக்கும் வெட்டு ஒன்றுதான். துணி என்ன, நிறம் என்ன, கரையில் என்ன வேலைப்பாடு, எங்கே முடிகிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

செருப்புக்கு வருவோம். தியேகோ துரான் என்ற பாதிரியார் 1581 வாக்கில் எழுதி முடித்த வரலாற்றில், முதலாம் மொக்டெசுமா (கோர்த்தேஸ் பார்த்தவருக்கு முன்பு அதே பெயரில் ஆண்டவர்) காலத்தில் போட்ட சட்டங்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. அரண்மனைக்குள் செருப்பு அணியலாம் என்ற உரிமை அரசனுக்கும், அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த த்லாகயேலேலுக்கும் மட்டும். நகருக்குள் பெரிய பிரபுக்களுக்கு உண்டு. போரில் வீரம் காட்டியவனுக்கு மலிவான சாதாரணச் செருப்பு. மற்றவர்களுக்கு இல்லை. அந்த 200 பேரும் செருப்பில்லாதவர்கள் அல்லர், அரசன் எதிரில் கழற்றி வைத்தவர்கள்.

மேல்துணியின் நீளத்துக்கும் சட்டம் இருந்தது. சாதாரணக் குடிமகனுடையது முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் உயிர் போகும். ஒரே ஒரு விலக்கு: போரில் காலில் காயம் பட்டவன் அதை மறைக்க நீளமாக உடுத்தலாம். நீண்ட துணியோடு ஒருவன் எதிரே வந்தால் காலில் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

---

தறிநாடா

துணின்னு வந்துட்டா சும்மா இருக்க முடியாது, பரம்பரையா தறிக்குழிக்குள்ள கால் விட்டவங்க நாங்க.

இவங்களுக்குக் குழித்தறி கிடையாது. ஒரு முனையை மரத்துலயோ தூண்லயோ கட்டி, மறுமுனையை நெய்யிற பெண்ணோட இடுப்புல வார் போட்டுக் கட்டிக்கணும். பின்னால சாய்ஞ்சா பாவு விறைக்கும், முன்னால வந்தா தளரும். உடம்புதான் தறி. துணியோட அகலம் கை எட்டுற தூரம்தான், அதனால பெரிய போர்வைன்னா துண்டு துண்டா நெய்து ஒட்டித் தைக்கணும். 1540 வாக்குல வரைஞ்ச மெண்டோசா சுவடியில ஒரு பக்கம் இருக்கு, தேடிப் பாருங்க: 4 வயசுப் பொண்ணுக்கு அம்மா நூற்கிற சாமானைக் காட்டிக் கொடுக்கிறா, 14 வயசுல அந்தப் பொண்ணு தறியில உட்கார்ந்திருக்கா. எந்த வயசுப் பிள்ளைக்கு எத்தனை சோள ரொட்டின்னுகூட வரைஞ்சு வச்சிருக்கான். 14 வயசுக்கு ரெண்டு.

முக்கியமான சங்கதி பருத்தி. தெனோச்சித்லான் கடல்மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கு மேல. பனி விழும், பருத்தி வராது. வெப்பமான தாழ்நாடுகள்ல இருந்து கப்பமா வரணும். மலையில விளையிறது மாகே கற்றாழை, அந்த நார்த் துணிதான் ஏழைக்கு. அப்போ தோள்ல பருத்தி கிடக்குதுன்னாலே ‘எங்க ஆட்சி தாழ்நாடு வரைக்கும் போகுது’ன்னு அர்த்தம். த்லாக்ஸ்கலா நாடு மெக்சிகாக்களோட, அதாவது தெனோச்சித்லான் அஸ்டெக்குகளோட, பரம எதிரி. சுத்தி வளைச்சு வழியை அடைச்சுட்டதால அவங்க கிட்ட உப்பும் இல்லை, பருத்தியும் இல்லை. கோர்த்தேஸுக்கு அவங்க கொடுத்த பரிசுல நார்த் துணிதான் இருந்துச்சு, அதுக்கு வருத்தமும் தெரிவிச்சாங்க. அவங்களும் வெளியாள்தானே? தெனோச்சித்லான்காரன் தோள்ல இருக்கிற துணியை அவங்க பார்த்த பார்வையில அழகு மட்டுமா இருந்திருக்கும்?

துணியே காசாவும் ஓடியிருக்கு. க்வாச்ட்லின்னு ஒரு வெள்ளைப் பருத்தித் துணி, தரத்தைப் பொறுத்து 65ல இருந்து 100 கொக்கோ விதை வரைக்கும் பெறும்.

கொஞ்சம் ஓரமா ஒரு விஷயம். அவங்க சிவப்புச் சாயம் சப்பாத்திக்கள்ளியில வளர்ற பூச்சியில இருந்து. அவங்க மொழியில அதுக்குப் பேரே ‘கள்ளிப்பழ ரத்தம்’. இந்தச் சாயத்துக்கு ஆசைப்பட்டு 1780கள் கடைசியில ஜேம்ஸ் ஆண்டர்சன்ங்கிற கம்பெனி மருத்துவர் நம்ம சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டம் போட்டார். 1795ல பிரேசில்ல இருந்து வந்து சேர்ந்தது மட்டமான இனப் பூச்சி. சாயம் ஒண்ணும் தேறல, பூச்சி கள்ளியைத் தின்னு தீர்த்ததுதான் மிச்சம்.

---

சும்மாவந்தவன்

பழஞ்சுவடி ஐயா, சட்டம் இருந்துச்சு சரி. எவன் கேட்டான்?

துரான் எழுதினது ஸ்பானியர் பிடிச்சு அறுபது வருஷம் கழிச்சு. ‘எங்க காலத்துல எல்லாரும் ஒழுங்கா இருந்தாங்க’ன்னு பெருசுங்க சொல்றதுக்கு எந்த நாட்டுலயும் பஞ்சம் இல்லை. மெக்சிகோவுல மொரேலோஸ் மாநிலத்துப் பக்கம் கபில்கோ, க்வெஷ்கோமாத்தேன்னு ரெண்டு ஊரைத் தோண்டினாங்க. சாதாரண விவசாயி வீடுங்க. அங்க வீட்டுக்கு வீடு பருத்தி நூற்கிற சின்ன தக்ளி வில்லை கிடைச்சிருக்கு. அது பருத்தி விளையிற பக்கம், கப்பத்துக்கு நெய்தாங்கன்னு சொல்லலாம். நெய்தவன் ஒண்ணைத் தன் தோள்ல போட்டுக்க மாட்டானா?

---

பழஞ்சுவடி

நியாயமான கேள்வி. ‘மரண தண்டனை’ என்று எழுதியிருப்பதால் தினமும் யாரையோ கொன்றார்கள் என்று நானும் நம்பவில்லை. சந்தையில் காசாகப் புழங்கும் துணியைக் குடிமகன் தொடக்கூடாது என்பது எப்படி நடக்கும்? ஆனால் அரண்மனை வாசலில் அந்தச் சட்டம் நிஜமாக வேலை செய்தது என்பதற்குத் துரானை நம்பத் தேவையில்லை. நேரில் நின்ற தியாஸே சாட்சி. மொக்டெசுமாவைப் பார்க்கப் போகும் பெரிய பிரபுக்கள் வாசலிலேயே விலையுயர்ந்த மேல்துணியை அவிழ்த்துவிட்டு, மட்டமான, ஆனால் சுத்தமான துணியைப் போர்த்திக்கொள்வார்கள். செருப்பைக் கழற்றி, கண்ணைத் தாழ்த்தி உள்ளே போய் மூன்று முறை வணங்குவார்கள்: ஐயா, என் ஐயா, என் பெரும் ஐயா. திரும்பும்போது முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து வெளியே வரவேண்டும்.

‘சுத்தமான’ என்ற சொல்லைத் தியாஸ் மறக்காமல் சேர்த்திருப்பது எனக்குப் பிடிக்கும். தாழ்மை காட்டலாம், அழுக்கு காட்டக்கூடாது.

---

மிளகுரசம்

சுத்தம்னா ஞாபகம் வருது. மொக்டெசுமா தினமும் நாலு தடவை உடை மாத்துவார், எல்லாம் புதுசு, ஒரு தடவை போட்டதை மறுபடி தொடமாட்டார்னு எங்கயோ படிச்சேன். உண்மையா?

---

கத்தரிவெயில்

அது கோர்த்தேஸ் கணக்கு. தியாஸ் கணக்கு வேற: ஒருநாள் உடுத்தினதை மூணு நாலு நாள் போகாம மறுபடி உடுத்தமாட்டார், தினம் சாயங்காலம் ஒரு குளியல். ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் மாசக்கணக்கா பக்கத்துல வச்சிருந்தாங்க!

யாரை நம்பறது?

---

சும்மாவந்தவன்

நான் சிப்பாய் பக்கம். கோர்த்தேஸ் அந்தக் கடிதத்தை முடிச்சது 1520 அக்டோபர் 30. அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான் ஊரை விட்டு ராத்திரியோட ராத்திரியா அடிபட்டு ஓடி வந்திருக்கான். ‘ராஜாவே, கையில இருந்ததை விட்டுட்டேன், ஆனா அது எப்பேர்ப்பட்ட ஊர் தெரியுமா, திரும்பப் பிடிச்சுத் தர்றேன்’னு சொல்ற கடிதத்துல ஊதாம என்ன பண்ணுவான்? மூணு நாலு நாளைக்கு ஒருதரம்ங்கிறதுல துணி மடிச்சு வைக்கிற வீட்டு வாசனை இருக்கு.

---

பழஞ்சுவடி

தியாஸ் எழுதியது பல பத்தாண்டுகள் கழித்து, குவாத்தமாலாவில், முதுமையில். அச்சில் வந்தது 1632, அவர் இறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு. மறதியும் இருக்கும், மெருகும் இருக்கும். ஆனாலும் இந்த இடத்தில் உங்கள் கட்சிதான்.

---

மேற்குவாசல்

தாமதமாக வருகிறேன். உடையைப் பேசியாயிற்று, கொஞ்சம் நடத்தையையும் பேசுவோம். வெளியாட்கள் தடுக்கி விழுந்த இடம் அதுதான்.

முதல் நாளே இரண்டு சங்கடம். நகருக்குள் வரும் வழியில் சுமார் ஆயிரம் முக்கியஸ்தர்கள் வந்து வரவேற்றார்கள். ஒவ்வொருவரும் குனிந்து, கையால் தரையைத் தொட்டு, அந்தக் கையை வாயில் வைக்கவேண்டும். அவர்கள் பேசிய நாவாட்ல் மொழியில் இதற்கு ‘மண் உண்பது’ என்று பெயர். ஆயிரம் பேரும் முடிக்கும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றேன் என்று கோர்த்தேஸ் எழுதுகிறார். கால் வலி அந்த வரியில் தெரிகிறது. அடுத்து, மொக்டெசுமா எதிரே வந்ததும் இவர் குதிரையை விட்டு இறங்கிப் போய்க் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பிரபுக்கள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்கள். ஸ்பானிய மரியாதையில் தழுவிக்கொள்வது நட்பு. இங்கே அரசன் உடலைத் தொடுவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அவருடைய கால் தரையில் படாமல் இருக்க முன்னால் பெருக்கித் துணி விரித்துக்கொண்டு போனவர்கள் இவர்கள்.

பிறகு அவரைச் சிறைவைத்தார்கள் அல்லவா? அந்த நாட்களைப் பற்றித் தியாஸ் சொல்லும் ஒரு கதை என்னால் மறக்கவே முடியாது. இரவுக் காவலுக்கு த்ருஹில்லோ என்று ஒரு மாலுமி. அரசர் காதில் விழும்படி ஏதோ அநாகரிகம் செய்துவிட்டான். தியாஸ் பூடகமாகத்தான் சொல்கிறார், நாமே புரிந்துகொள்ளவேண்டியது. மொக்டெசுமா ஒரு பணியாளனிடம் அவன் யார் என்று விசாரித்து, மறுநாள் கூப்பிட்டு, இனி அப்படிச் செய்யாதே என்று சொல்லி ஐந்து பெசோ பெறுமான ஒரு தங்கத் துண்டைக் கொடுத்தார். அவன் என்ன செய்தான்? இன்னொரு தங்கம் கிடைக்கும் என்று மறுநாள் இரவு வேண்டுமென்றே செய்தான்! பிறகுதான் காவல் தலைவனிடம் புகார் போய், த்ருஹில்லோவுக்கு நல்ல திட்டு கிடைத்தது.

பெத்ரோ லோப்பஸ் என்ற இன்னொருவன், ‘இந்த நாய்க்குக் காவல் இருந்து இருந்து என் வயிறு கெட்டுப்போச்சு’ என்று சொன்னது அரசர் காதுக்கு எட்டிவிட்டது. அவனுக்குக் கசையடி. தியாஸ் மட்டும் எதிரே போகும்போதெல்லாம் தலையுறையைக் கழற்றி வணங்குவாராம், அதனால் நல்ல பெயர் எடுத்ததைப் பெருமையாகவே எழுதி வைத்திருக்கிறார்.

---

அந்திமந்தாரை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நரபலி கொடுத்த ஊரைப் பற்றி ‘என்ன மரியாதை, என்ன சுத்தம்’ என்று பேசிக்கொண்டிருக்கிறோமே, இது சரியா?

---

மேற்குவாசல்

மறைக்க வேண்டியதில்லை, அந்தச் சாட்சிகளும் மறைக்கவில்லை. பூசாரிகளின் கறுப்பு அங்கி, இடுப்பு வரை தொங்கும் முடி, சீப்பே போக முடியாதபடி அதில் உறைந்த ரத்தம், தாங்களே கீறிக்கொண்ட காது எல்லாவற்றையும் தியாஸ் வர்ணிக்கிறார். அந்த நாற்றம் தாங்காமல் வெளியே வரத் துடித்ததையும் எழுதுகிறார். அதே மனிதர், அதே புத்தகத்தில், சாலையோரங்களில் ஆள் கண்ணில் படாமல் ஒதுங்க நாணல் தட்டி மறைப்புகள் கட்டியிருந்ததையும் சொல்கிறார். ஒரே ஊர்தான் இரண்டும். நமக்குப் பிடித்த பாதியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

---

மிளகுரசம்

சாப்பாட்டுப் பழக்கம் யாரும் சொல்லலையே! 🙂 தியாஸ் எழுதினதுல எனக்குப் பிடிச்ச பக்கம் அது. மொக்டெசுமாவுக்கு முப்பது வகைக் கறி, ஆறாம இருக்க ஒவ்வொரு சட்டிக்கும் கீழே கரி அடுப்பு. நாலு பெண்கள் கை கழுவத் தண்ணி கொண்டு வருவாங்க. சாப்பிட ஆரம்பிச்சதும் தங்க வேலை செஞ்ச மரத் தட்டி ஒண்ணை முன்னால வச்சு மறைச்சுடுவாங்க, யாரும் பார்க்கக்கூடாது. கண்ணுபட்டுடும்னு எங்க பாட்டி சொன்னது சும்மா ஞாபகம் வந்துச்சு.

---

பழஞ்சுவடி

அரசனை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். சஹாகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1529இல் மெக்சிகோ வந்தார். முதியவர்களைக் கேட்டு, நாவாட்ல் படித்த உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு பன்னிரண்டு புத்தகங்கள் எழுதுவித்தார். அதில் தந்தை மகனுக்குச் சொல்லும் அறிவுரை வருகிறது. அதிகம் தூங்காதே. தெருவில் ஓடாதே, ஆடி அசைந்தும் நடக்காதே. நிதானமாகப் பேசு. ஒருவர் முகத்தை முறைத்துப் பார்க்காதே. முதல் அழைப்பிலேயே எழுந்து வா, இரண்டாவது முறை கூப்பிட வைக்காதே. மேல்துணி தரையில் இழுபடவும் கூடாது, அக்குள் தெரிய ஏற்றிக் கட்டவும் கூடாது. சாப்பிடும் முன் கையும் வாயும் கழுவு, அள்ளி அள்ளிப் போடாதே.

சூயிங் கம்முக்கும் விதி உண்டு. சிக்லே பிசினை மெல்வது அங்கே பழைய பழக்கம். கல்யாணமாகாத பெண் நாலு பேர் முன் மெல்லலாம். கல்யாணமானவளும் கைம்பெண்ணும் வீட்டுக்குள் மட்டும். ஆண் ரகசியமாக. தெருவில் ‘சடக் சடக்’ என்று மென்றுகொண்டு போகிறவள் யார் என்று ஊருக்கே தெரியும் என்கிறது அந்தப் புத்தகம்.

---

மேற்குவாசல்

நான் முக்கியமாகச் சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. உடையைப் பார்த்து யார் பெரியவன் என்று ஸ்பானியர் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். பேச்சில்தான் ஏமாந்தார்கள், அல்லது ஏமாந்ததுபோல் இருந்துகொண்டார்கள்.

சஹாகூன் தொகுப்பில் உள்ளபடி, மொக்டெசுமாவின் வரவேற்பு ‘எங்கள் ஐயனே, மிகவும் சிரமப்பட்டு, களைத்து வந்திருக்கிறீர்கள்’ என்று தொடங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லும் வழக்கமான முகமன் அது. அடுத்து, ‘உங்கள் பாய்க்கும் ஆசனத்துக்கும் வந்து சேர்ந்தீர்கள், கொஞ்ச காலம் உங்களுக்காக நான் காத்து வைத்திருந்தேன்’ என்கிறார். பாயும் ஆசனமும் அங்கே அரசாட்சிக்குக் குறியீடு. கோர்த்தேஸ் இதை அப்படியே பிடித்துக்கொண்டு, ‘ராஜ்ஜியத்தைத் தானே ஒப்படைத்துவிட்டார்’ என்று ஸ்பெயினுக்கு எழுதினார்.

அந்த மொழியின் அரசவைப் பேச்சில் பெரியவன் தன்னைச் சிறியவனாக்கிக்கொள்வதுதான் பண்பு. எவ்வளவு தாழ்ந்து பேசுகிறானோ அவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறான் என்று பொருள். இதை மலின்ட்சின் என்ற பெண் நாவாட்லிலிருந்து மாயா மொழிக்குக் கொண்டு வந்தாள், அகிலார் என்ற ஸ்பானியர் மாயாவிலிருந்து ஸ்பானியத்துக்கு. இரண்டு மொழி தாண்டி வரும்போது முகமன் எங்கே முடிகிறது, சேதி எங்கே தொடங்குகிறது? அது உண்மையில் சரணாகதிப் பேச்சுதானா என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் சந்தேகப்படுவது இதனால்தான். ஒரு வேடிக்கை: பெயரோடு ஒட்டும் ‘-ட்சின்’ மரியாதை விகுதி, நம் ‘ஆர்’ மாதிரி. ஸ்பானியர் வாயில் அது ‘மலிஞ்சே’ ஆகி, எப்போதும் அவளோடு இருந்ததால் கோர்த்தேஸையே ஊரார் மலிஞ்சே என்று கூப்பிட்டார்கள்.

---

தறிநாடா

‘உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க’ன்னு சொன்னதுக்கு பத்திரத்தை எடுத்துட்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போன கதை.

---

சும்மாவந்தவன்

😂😂 இழையே முடிஞ்சுது போ.

ஆனா கோர்த்தேஸுக்குப் புரியலைன்னு நான் நம்ப மாட்டேன். புரியாத மாதிரி இருக்கிறதுல லாபம் இருந்துச்சு. அவன் ஊர் அரசவையில மட்டும் முகஸ்துதி இல்லையா என்ன?

---

அந்திமந்தாரை

ஸ்பானியர் அந்த ஊராரைப் பார்த்தது சரி. அந்த ஊரார் ஸ்பானியரை எப்படிப் பார்த்தார்களாம்?

---

பழஞ்சுவடி

சஹாகூனின் பன்னிரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. தூதர்கள் மொக்டெசுமாவிடம் வந்து சொல்கிறார்கள்: உடம்பு முழுக்க மூடியிருக்கிறார்கள், முகம் மட்டும்தான் வெளியே தெரிகிறது. சுண்ணாம்புபோல் வெளுப்பு. மஞ்சள் முடி, சிலருக்குக் கறுப்பு. நீளத் தாடி. வீட்டுக் கூரை உயரத்துக்கு மான்கள் அவர்களைச் சுமக்கின்றன. குதிரையைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு தங்கத்தைக் கொடுத்த இடம் வருகிறது. குரங்குபோல் பாய்ந்து எடுத்தார்கள், பன்றிபோல் அதற்கு ஏங்கினார்கள் என்கிறது அந்த உரை. தங்கத்தைவிடப் பச்சைக்கல்லையும் கெட்சால் பறவையின் பச்சை இறகையும் உயர்வாக வைத்த ஊர் அது. அள்ளி அள்ளிப் போடாதே என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கண்ணில் அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

---

மிளகுரசம்

கடைசியா ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். மொக்டெசுமா பார்க்க எப்படி இருப்பார்?

---

பழஞ்சுவடி

தியாஸ் எழுதியிருக்கிறார். நாற்பது வயது இருக்கும், நல்ல உயரம், ஒல்லி, ரொம்பக் கறுப்பில்லை, காதை மூடும் அளவுக்கு முடி, அங்கங்கே கொஞ்சம் தாடி.

உள்ளூர்க்காரர் வாயால் கேட்கலாம் என்று துரானும் பிற்காலத்தில் முயன்றார். வயதான ஒருவரைப் பிடித்து, மொக்டெசுமா எவ்வளவு உயரம், முகம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். தெரியாததைச் சொல்லிப் பொய் பேசமாட்டேன், அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை என்றாராம் கிழவர். ஏன் என்றால், பார்க்கத் துணிந்திருந்தால் உயிர் போயிருக்கும் என்று பதில்.

---

கத்தரிவெயில்

தரையைப் பார்த்தே நின்ன மனுஷன்கிட்ட முகத்தைக் கேட்டா? துரான் செருப்பைக் கேட்டிருக்கணும்.